கடையில் திருட்டுப் பழி: அநியாயமாகத் தடுத்து வைத்தால் இழப்பீடு கேட்கலாமா?

(பயனீட்டாளர் உரிமை பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழக்குரைஞர் ஒருவர் ஆற்றிய உரையும், அதனைத் தொடர்ந்து எழுந்த கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்களும் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.)



முதலில் ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். சனிக்கிழமை மாலை. பேரங்காடியில் கூட்டம் நிரம்பி வழிகிறது. ஓர் அம்மா தம் ஏழு வயது மகளுடன் துணிமணி வாங்குகிறார். முகப்பில் காசு கட்டுகிறார். ரசீதைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுகிறார். எச்சரிக்கை மணி அலறுகிறது.

பாதுகாவலர் ஓடி வந்து வழியை மறிக்கிறார். "அக்கா, கொஞ்சம் ஆபீசுக்கு வாங்க."

சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அதில் ஒருவர் அதே தாமானில் குடியிருப்பவர். அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள். கைப்பையில் உள்ளதை மேசைமேல் கொட்டச் சொல்கிறார்கள். "எத்தனை நாளா இப்படிச் செய்றீங்க?" என்று நிர்வாகி கேட்கிறார். பிள்ளை அழுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகுதான் உண்மை தெரிகிறது. முகப்புப் பெண் ஒரு சட்டையிலிருந்த காந்த வில்லையைக் கழற்ற மறந்துவிட்டார். "சரி, நீங்க போகலாம்" என்கிறார்கள். அவ்வளவுதான். ஒரு மன்னிப்புக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் சொல்கிறார்: "விட்டுடு. பெரிசாக்கினா நமக்குத்தான் அசிங்கம்."

இது கற்பனைதான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். இன்று நான் பேச வந்ததே அந்த வாக்கியத்தைப் பற்றித்தான். அசிங்கம் என்று நினைத்து நாம் மூடி மறைக்கிறோமே, அந்த அவமானத்துக்குத்தான் சட்டம் இழப்பீடு கொடுக்கிறது. அந்தச் சட்டையின் விலைக்கு அல்ல.

தடுத்து வைத்தல் என்றால் என்ன?

பலர் நினைப்பதுபோல், அறையைப் பூட்டினால்தான் தடுத்து வைத்தல் என்பதில்லை. கைவிலங்கும் வேண்டாம். ஒருவர் தம் விருப்பப்படி வெளியேற முடியாதவாறு, சட்ட ஆதாரமின்றி, முழுமையாகத் தடுக்கப்பட்டாலே போதும். பாதுகாவலர் கதவருகே நின்றுகொண்டு "போக முடியாது" என்று சொன்னாலும் அது தடுத்து வைத்தல்தான். ஐந்து நிமிடமானாலும் அப்படியே. நேரம் குறைந்தால் தொகை குறையலாம், உரிமை குறையாது.

'முழுமையாக' என்ற சொல் முக்கியம். 1845-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒரு பாலத்தின் நடைபாதையில் ஒருவரை மேலே போகவிடாமல் தடுத்தார்கள். ஆனால் அவர் வந்த வழியே திரும்பிப் போக முடிந்தது. அது தடுத்து வைத்தல் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே, ஒரு வாசலை மட்டும் அடைத்து, "அந்தப் பக்க வாசலால் போங்கள்" என்று சொன்னால் அதற்கு வழக்குப் போட முடியாது.

அடுத்து, 'கூப்பிட்டார்கள், போனேன்' என்பது. நீங்கள் மனமுவந்து போயிருந்தால் அது தடுத்து வைத்தல் இல்லை. மறுத்தால் இழுத்துக்கொண்டு போவார்கள் என்ற நிலையில் போயிருந்தால், அது சம்மதம் ஆகாது. நீதிமன்றத்தில் கடைக்காரர் தரப்பு முதலில் பிடிப்பது இந்த இடத்தைத்தான்: "அவராகத்தானே வந்தார்?" அதனால்தான் அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் பிற்பாடு பெரிய சாட்சியாகிவிடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பாதுகாவலருக்கு என்ன அதிகாரம்?

சீருடை அணிந்திருப்பதால் பாதுகாவலர் போலீஸ்காரர் ஆகிவிடமாட்டார். பாதுகாவல் நிறுவனங்கள் 1971-ஆம் ஆண்டு தனியார் முகவர் நிறுவனச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடப்பவை. ஒருவரைக் கைது செய்யும் விஷயத்தில் பாதுகாவலரும் உங்களையும் என்னையும் போன்ற தனிநபர்தான்.

தனிநபர் கைது செய்யவே முடியாதா? முடியும். நமது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் நிபந்தனையோடு தருகிறது. பிடிவாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமை இல்லாத குற்றத்தை ஒருவர் தன் பார்வையில் செய்தால், அவரைப் பிடிக்கலாம். பிடித்த பிறகு தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். போலீஸ்காரர் இல்லையென்றால் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

'தன் பார்வையில்' என்பதைக் கவனியுங்கள். சட்டம் 'சந்தேகப்பட்டால்' என்று சொல்லவில்லை. நியாயமான சந்தேகத்தின் பேரில் கைது செய்யும் உரிமை போலீசுக்கு உண்டு. தனிநபருக்கு இல்லை. அவர் கண்முன் குற்றம் நடந்திருக்க வேண்டும். எச்சரிக்கை மணி என்பது கண் அல்ல. "அந்த அம்மா பார்த்தபடியே நின்றார், பை பெரிதாக இருந்தது" என்பதும் குற்றத்தைப் பார்த்ததாகாது.

அதே பிரிவில் இன்னொரு வழியும் உண்டு. ஒருவர் மற்றவரின் உடைமைக்கு எதிராகக் குற்றம் செய்து, அவருடைய பெயரும் முகவரியும் தெரியாமல் இருந்தால், உடைமைக்காரரோ அவருடைய ஊழியரோ அவரைப் பிடித்து வைக்கலாம். சரியான பெயர், முகவரி கிடைக்கும் வரையில் அல்லது போலீசிடம் ஒப்படைக்கும் வரையில்தான் அந்த உரிமை. இங்கேயும் சட்டம் 'குற்றம் செய்தவர்' என்றே சொல்கிறது. 'சந்தேகத்துக்குரியவர்' என்று சொல்லவில்லை.

இதையே வேறு விதமாக உறுதிப்படுத்தும் ஆங்கிலத் தீர்ப்புகள் இருக்கின்றன. 1914-இல் ஒரு புத்தகக் கடை நிறுவனம் தன் விற்பனை நிலைய நிர்வாகி திருடியதாக நம்பி அவரைப் பிடித்துக் கொடுத்தது. அவர் குற்றவாளி அல்ல என்று விடுவிக்கப்பட்டார். நிறுவனம் நல்லெண்ணத்தோடு நம்பியது என்பது போதாது, குற்றம் உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லி, அவருக்கே இழப்பீடு கொடுத்தது. 1992-இல் ஒரு சாக்லேட் கட்டியைப் பற்றிய வழக்கிலும் இதே கதைதான். திருட்டுக் குற்றத்திலிருந்து ஒருவர் விடுதலையானதும், அவரைத் தனிநபர்கள் பிடித்ததற்குச் சட்ட ஆதாரமே இல்லாமல் போயிற்று. இவை நம் நாட்டுச் சட்டப் பிரிவுகளின்மேல் எழுந்தவை அல்ல. ஆனாலும் நம் நீதிமன்றங்களில் வழிகாட்டியாக எடுத்துக் காட்டப்படுகின்றன.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். திருட்டால் கடைகளுக்கு நட்டம் ஏற்படுவது உண்மை. 1952-இல் லண்டனில் ஜான் லூயிஸ் பேரங்காடி தொடர்பான வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. தாயும் மகளும் பிடிபட்டார்கள். மகள் நாட்காட்டிகளைத் திருடியிருந்தாள். நேராகப் போலீசிடம் போகாமல், போலீசை அழைப்பதா என்று நிர்வாகம் முடிவு செய்வதற்காக முதலில் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குறுகிய நேரம் நியாயமானதே என்று தீர்ப்பாயிற்று. ஆகவே, உண்மையான திருட்டைக் கண்ணால் பார்த்துப் பிடித்த கடைக்காரர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வதைச் சட்டம் தப்பென்று சொல்லாது. ஆனால் அந்த நேரத்தை விசாரணைக்கும் மிரட்டலுக்கும் பயன்படுத்தினால் கதை வேறு.

பையைச் சோதிக்கலாமா? அபராதம் போடலாமா?

'பைகள் சோதனைக்கு உட்பட்டவை' என்று சில கடைகளில் எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் சம்மதித்தால் சோதிக்கலாம். சம்மதிக்காவிட்டால் பிடுங்கிச் சோதிக்கப் பாதுகாவலருக்கு உரிமை இல்லை. உடல் சோதனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போலீஸ் சோதனையிலேயே பெண்ணைப் பெண்தான், கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. ஆண் பாதுகாவலர் ஒரு பெண்ணின் உடைமேல் கை வைத்தால் அது தனிக் குற்றமாகிவிடும்.

அடுத்து, 'திருடினால் பத்து மடங்கு அபராதம்' என்ற அறிவிப்பு. அபராதம் விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. பலசரக்குக் கடைக்கு இல்லை. பயந்துபோய் காசு கொடுத்து, 'நான்தான் எடுத்தேன்' என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னாளில் உங்கள் வழக்கை உடைக்க அந்த ஒரு துண்டுக் காகிதம் போதும்.

என்னென்ன வழக்குப் போடலாம்?

முதலாவது, சட்டவிரோதத் தடுத்துவைப்புக்கான சிவில் வழக்கு. இதில் உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. தடுத்து வைத்தார்கள் என்பதை நீங்கள் நிரூபித்தால் போதும். அதற்குச் சட்ட ஆதாரம் இருந்தது என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இரண்டாவது, அவதூறு. பொதுவாக வாய்ச்சொல் அவதூறுக்குப் பண நட்டத்தைக் காட்ட வேண்டும். ஆனால் சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்ததாக ஒருவரைப் பலர் முன்னிலையில் சொன்னால், பண நட்டம் காட்டாமலே வழக்குப் போடலாம். "திருடி" என்று கூட்டத்தின் நடுவே கத்துவது இந்த வகையில் சேரும். அறைக்குள் உங்களிடம் மட்டும் சொன்னால் அவதூறு ஆகாது. மூன்றாம் நபர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, குற்றவியல் புகார். தண்டனைச் சட்டத்தின் 342-ஆம் பிரிவின்படி ஒருவரைத் தவறாக அடைத்து வைத்தால் ஓராண்டு வரை சிறை, 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இது போலீசும் அரசுத் தரப்பும் எடுக்க வேண்டிய நடவடிக்கை. இழப்பீட்டுக்குச் சிவில் வழக்கே வழி.

யார்மீது வழக்கு? பாதுகாவலர் வேலை நேரத்தில், வேலையின் பகுதியாகச் செய்த தவற்றுக்கு அவருடைய முதலாளியும் பொறுப்பு. பாதுகாவலரை அனுப்பியது வேறு நிறுவனம் என்றால் கடையும் அந்த நிறுவனமும் ஒன்றின்மேல் ஒன்று பழி போடும். அதனால் இரண்டையுமே பிரதிவாதிகளாகச் சேர்ப்பது வழக்கம்.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது?

சட்டத்தில் இதற்கு ஓர் அட்டவணை கிடையாது. நீதிபதி சூழ்நிலையைப் பார்த்து நிர்ணயிப்பார். மூன்று அடுக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படைத் தொகை, சுதந்திரம் இழந்ததற்கும் மானம் போனதற்கும். எவ்வளவு நேரம், எத்தனை பேர் முன்னிலையில், எப்படி நடத்தினார்கள் என்பவை கணக்கில் வரும்.

அடுத்தது கைப்பணச் செலவு. மருத்துவச் செலவு, இழந்த சம்பளம் போன்றவை. இதற்கு ரசீதும் கடிதமும் வேண்டும். ரசீது இல்லாத செலவைக் கேட்டு வாங்குவது கடினம்.

மூன்றாவது, கடுமை காரணமாகக் கூடும் தொகை. பிள்ளையின் முன் மிரட்டியது, தவறு தெரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்காதது, நீதிமன்றத்திலும் திருட்டுப் பழியை விடாமல் பிடித்துக்கொண்டது போன்றவை தொகையை ஏற்றும். மாறாக, உடனே தவற்றை உணர்ந்து மன்னிப்புக் கேட்ட கடைக்குத் தொகை குறையும்.

இதற்கு மேல் தண்டனை போன்ற இழப்பீடு ஒன்று உண்டு. 1964-இல் பிரபுக்கள் சபை அதற்கு எல்லை வகுத்தது. அரசு ஊழியரின் அடக்குமுறை, அல்லது இழப்பீட்டைவிட இலாபம் அதிகம் என்று கணக்குப் போட்டுச் செய்த தவறு போன்ற சில நிலைகளில் மட்டுமே அது கிடைக்கும். சாதாரணக் கடை வழக்கில் எதிர்பார்க்க வேண்டாம்.

ஓர் அளவுக்காகச் சொல்கிறேன். 1997-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், லண்டன் போலீஸ் மீதான வழக்குகளுக்கு ஒரு வழிகாட்டி வகுத்தது. முதல் மணி நேரத்துக்குச் சுமார் 500 பவுண்டு, 24 மணி நேரத்துக்குச் சுமார் 3,000 பவுண்டு. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 12,000 அல்ல, 3,000. ஏன் தெரியுமா? முதல் மணி நேரத்தின் அதிர்ச்சிதான் பெரிது என்று நீதிபதிகள் கருதினார்கள். அந்த எண்கள் நம் நாட்டுக்குப் பொருந்தாது. ஆனால் அந்த எண்ணம் பொருந்தும். முதல் மணி நேரம்தான் மனத்தை உடைக்கிறது.

அன்றைக்கே செய்ய வேண்டியவை

வழக்கு வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. அமைதியாகக் கேளுங்கள்: "நான் போகலாமா? முடியாதென்றால் எந்தக் காரணத்துக்காக?" பதிலை மறக்காதீர்கள். "போகக் கூடாது" என்று அவர்கள் சொன்னால், மனமுவந்து வந்தார் என்ற வாதம் அங்கேயே உடைகிறது.

2. கைகலப்பு வேண்டாம். தள்ளிவிட்டு ஓடினால் வேறு வழக்கு உங்கள்மேல் வரும். "போலீசைக் கூப்பிடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள்.

3. கைத்தொலைபேசியில் நேரத்தைப் பாருங்கள். நிறுத்திய நேரம், விட்ட நேரம் இரண்டும் வேண்டும். வீட்டாரை அழைத்துச் சொன்னால் அந்த அழைப்பே நேரத்துக்குச் சாட்சி.

4. பாதுகாவலரின் பெயர் வில்லை, நிறுவனத்தின் பெயர், பார்த்தவர்களின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. ரசீதை வெறுமனே பத்திரப்படுத்தாமல் நகல் எடுத்து வையுங்கள். நாளடைவில் எழுத்து மங்கிவிடும்.

6. அன்றே போலீஸ் புகார் செய்து நகலை வாங்குங்கள். காயமோ படபடப்போ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

7. கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி ஓரிரு நாளிலேயே கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள். பழைய பதிவுகளின்மேல் புதியவை ஏறிவிடும். கேட்டும் காட்டாமல் மறைத்தால், 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின்படி, அந்தப் பதிவு கடைக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு.

கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒரு பொருளுக்குக் காசு கட்ட உண்மையிலேயே மறந்துவிட்டேன். அது திருட்டா?

பதில்: நேர்மையற்ற எண்ணம் இல்லாமல் திருட்டு இல்லை அம்மா. மறதி குற்றமாகாது. ஆனால் நீங்கள் காசு கட்டாமல் வெளியேறியதைக் கண்ணால் பார்த்துப் பிடித்திருந்தால், கடையின் நிலை அவ்வளவு பலவீனமானதல்ல. வழக்குப் போடுவதற்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

கேள்வி: கடைக்காரர் போலீசைக் கூப்பிட்டு, போலீஸ் என்னை இரவு முழுக்க வைத்திருந்தால் கடைமேல் வழக்குப் போடலாமா?

பதில்: கடை தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி, கைது முடிவைப் போலீஸ் எடுத்திருந்தால், அந்த இரவுக்குக் கடை பொறுப்பாகாது. போலீசில் புகார் கொடுத்தார் என்பதற்காக அவதூறு வழக்கும் நிற்காது. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்து, அதனால் உங்கள்மேல் வழக்குத் தொடரப்பட்டு, நீங்கள் விடுதலையானால் தீய நோக்கத்தோடு வழக்குத் தொடர்ந்ததற்காகக் கேட்கலாம். போலீஸ் பிடித்தால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. உறவினருக்குத் தெரிவிக்கவும் வழக்குரைஞரை அழைக்கவும் 28ஏ பிரிவு உரிமை தருகிறது.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிச் சீருடையோடு அவனைக் கடையில் நிற்க வைத்துப் படம் பிடித்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அவன் எடுக்கவில்லை.

பதில்: பிள்ளைக்காகப் பெற்றோர் வழக்கை நடத்தலாம். படத்தை ஒட்டியது எழுத்து, உருவ வடிவிலான அவதூறு. ஒட்டிய ஒவ்வொரு நாளும் தொகையை ஏற்றும். முதல் வேலையாக அந்தச் சுவரை நீங்களே படம் எடுத்து வையுங்கள். பிறகு அகற்றச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். முதலில் அகற்றச் சொன்னால் ஆதாரமும் போய்விடும். இன்று இதையே சமூக ஊடகங்களில் செய்கிறார்கள். அங்கேயும் இதே முறைதான்.

கேள்வி: எங்கே, எவ்வளவு நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்? செலவு தாங்குமா?

பதில்: பயனீட்டாளர் நடுவர் மன்றம் பொருள், சேவை பற்றிய தகராறுகளுக்கானது. இது சிவில் நீதிமன்றத்துக்குரியது. 100,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், பத்து லட்சம் வெள்ளி வரை செஷன்ஸ் நீதிமன்றம். தீபகற்ப மலேசியாவில் ஆறு ஆண்டுக்குள் தொடர வேண்டும். ஆனால் ஆறு மாதம்கூடக் காத்திருக்காதீர்கள். சாட்சி கலைந்துவிடும். செலவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: அரை மணி நேரத் தடுத்துவைப்புக்குக் கிடைக்கும் தொகையைவிட வழக்குச் செலவு அதிகமாகலாம். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவிலும் ஒரு பகுதி உங்கள்மேல் விழும். அதனால் முதலில் வழக்குரைஞர் மூலம் ஒரு கடிதம் அனுப்புங்கள். எழுத்து மூல மன்னிப்பும் நியாயமான ஒரு தொகையும் கிடைத்தால் பலருக்கு அதுவே போதும். வசதி குறைந்தவர்கள் வழக்குரைஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடி ஆலோசனை கேட்கலாம்.

நிறைவாக

கடை நடத்தும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மணி அடித்தால், "அக்கா, வில்லை கழற்ற மறந்திருப்பார்கள் போல, ரசீதைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் காரியம் முடியும். திருடர் தப்பிவிடமாட்டார், வாடிக்கையாளரும் போய்விடமாட்டார்.

அந்தக் கணவரிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். தவறு செய்யாத உங்கள் மனைவி தலைகுனிந்து வீட்டில் இருக்கிறார். தவறு செய்தவர் மறுநாள் அதே வாசலில் நின்று இன்னொருவரைக் கூப்பிடுகிறார். அசிங்கம் யாருடையது? அந்த ஏழு வயதுப் பிள்ளை தன் அம்மா மேசைமுன் உட்கார வைக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறாள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப்பட்டதையும் அவள் பார்க்க வேண்டாமா?